மூச்சை நிறுத்திவிடவும்

அலுவலகத்தில் என் பெயர் கமா. இருபத்தாறு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறேன். கமா விட்டுப்போன இடத்திலெல்லாம் ஒன்றைப் போட்டுவிடுவேன் என்பது அதற்கு முதல் காரணம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நானே ஒரு கமாவாகத் தெரிகிறேன் என்பது இரண்டாவது. முதல் காரணம் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

எங்கள் வாரியத்தின் வேலை படிவம் அச்சிடுவது. பிறந்ததற்கு ஒரு படிவம், செத்ததற்கு ஒரு படிவம், நடுவில் இழுத்துக்கொண்டிருப்பதற்கு நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குப் போகும். மேசை தட்டையானது. காலை ஒன்பதரைக்குக் கவிழ்ந்த தலை ஐந்தரைக்குத்தான் நிமிரும். அதனால் பிடரியில் தொடங்கும் வலி கீழே இறங்கி, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், சற்றே இடப்பக்கம் வந்து குடியேறிவிட்டது.

அந்த இடத்துக்குக் கை எட்டாது. மேலிருந்து விட்டாலும் நாலு விரல் குறையும், கீழிருந்து வளைத்தாலும் நாலு விரல் குறையும். ஆளுக்கு ஒரு துணை இருக்கும் என்று நம்பித்தான் மனிதனைப் படைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

என் மனைவி இருந்தவரை அந்த இடம் அவள் பொறுப்பில் இருந்தது. உள்ளங்கையில் தைலத்தை ஊற்றிக்கொண்டு "திரும்புங்க" என்பாள். திரும்புவேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பேச எதுவும் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன். அவள் போய் நாலு வருஷமாகிறது. இப்போது அடிக்கோலின் நுனியில் தைலத்தைத் தடவி, சட்டைக் காலருக்குள் இறக்கி, குத்துமதிப்பாகத் தேய்க்கிறேன். பாதித் தைலம் முதுகுக்கு, பாதி நான் சாய்கிற சுவருக்கு. எங்கள் வீட்டுச் சுவருக்கு இன்றுவரை முதுகுவலி வந்ததில்லை.

வெளியூரில் இருக்கும் மகள் வாரம் ஒருமுறை பேசுவாள்.

"அப்பா, யாரையாவது தேய்ச்சு விடச் சொல்லுங்கப்பா."

"யாரைம்மா?"

அடுத்த வாரம் பார்சலில் முதுகு சொறிய ஒரு பிளாஸ்டிக் கை வந்தது. ஐந்து விரலும் சரியாக இருந்தன. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் என்னைத் தவிர கை என்று இருப்பது அது ஒன்றுதான்.

வலி பொறுக்காமல் நான் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். மேசைமேல் வைத்துக்கொள்ள ஒரு சாய்வுப் பலகை வேண்டும். தாள் கண்ணுக்கு நேராக வந்தால் கழுத்து கவிழாது. கேட்டது ஒரு பலகை. தச்சரிடம் சொன்னால் அரைநாள் வேலை.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. என்னைப் போலவே இன்னும் நாற்பது பேர் எழுதியிருந்தார்களாம். அதனால் ஒரு குழு போடப்பட்டது. குழுவின் முதல் மூன்று கூட்டங்கள், கழுத்து எங்கே முடிகிறது, முதுகு எங்கே தொடங்குகிறது என்பதிலேயே கழிந்தன. கழுத்து பொது மேலாளரின் கீழ் வருவது, முதுகு துணை மேலாளரின் கீழ் வருவது. பொது மேலாளர் செல்வாக்குள்ளவர் என்பதால் கழுத்து கிடுகிடுவென்று கீழே இறங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே வந்து நின்றது. அதுதான் எல்லை என்று தீர்மானம் எழுதி, முத்திரை குத்திவிட்டார்கள். என் வலி சரியாக எல்லைக்கோட்டில் இருந்தது.

தீர்மானத்தை விளக்க வாரியத் தலைவர் எங்கள் எல்லோரையும் கூட்டினார்.

"தோழர்களே, நல்லா யோசிச்சுப் பாருங்க. வலி யாருடையது? உங்களுடையது. அப்ப அதைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? உங்களுக்குத்தான். உங்க சொந்த வலியில வாரியம் தலையிடுறது நாகரிகமில்லை. அதனால இன்னையிலேர்ந்து நம்ம கொள்கை சுயபராமரிப்பு. யோகாசனம். வளைஞ்சு கொடுக்கக் கத்துக்குங்க. நான் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன்னு நினைக்கிறீங்க? முப்பது வருஷம் வளைஞ்சு வளைஞ்சுதான் வந்தேன். எனக்கு ஒரு வலியும் இல்லை. எலும்பு இருக்கான்னு டாக்டருக்கே சந்தேகம்."

கைதட்டினோம். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்ட முடியாதவர்கள் மடியில் வைத்துத் தட்டினார்கள்.

விதிகள் சுருக்கமானவை. தினமும் மதியம் இரண்டு மணிக்குக் காகிதக் கிடங்கில் யோகாசனம். சுயபராமரிப்பு என்பதால் ஒருவர் மற்றவரைத் தொடக்கூடாது. தூக்கிவிட்டாலும் பிடித்துவிட்டாலும் இருவருக்கும் தகுதி நீக்கம். கழுத்தின் வளைவு மூன்று சென்டிமீட்டர் குறைந்தவருக்கு 'நிமிர்ந்தோர் சான்றிதழ்' உண்டு. அந்தச் சான்றிதழ் உள்ளவருக்கு மட்டுமே சாய்வுப் பலகை கிடைக்கும். கழுத்து நேரானவனுக்குப் பலகை எதற்கு என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

யோகாசனம் சொல்லிக்கொடுக்கும் கூடுதல் பொறுப்பு, கிடங்கு அங்கேதானே இருக்கிறது என்ற ஒரே தகுதியில், ஸ்டோர்காரருக்குத் தரப்பட்டது. நல்ல மனிதர். பசைப் பீப்பாயைத் தவிர வேறு எதையும் உருட்டித் தெரியாதவர். வாரியம் அச்சிட்ட கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் வாசிப்பார்.

அந்தக் கையேடு என் மேசைக்கு வரவில்லை. அவசரமாம். முதல் நாளே தெரிந்துவிட்டது.

"மூச்சை உள்ளே இழுக்கவும்" என்று ஸ்டோர்காரர் வாசித்தார். இழுத்தோம்.

"மூச்சை நிறுத்திவிடவும்."

நிறுத்தினோம். அவர் பக்கத்தைத் திருப்பி, "அடுத்த ஆசனம்" என்றார்.

'நிறுத்தி, விடவும்' என்று இருக்க வேண்டியது. எழுதியவர் கமாவை விட்டுவிட்டார். அச்சுக்கு எழுத்துக் கோத்தவர் இடைவெளியையும் விட்டுவிட்டார். முந்நூறு பேர் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றோம். பிறகு ஆளாளுக்குத் திருட்டுத்தனமாக மூக்கின் ஓரத்தால் விட்டுக்கொண்டோம். பைண்டிங் பிரிவில் ஒரு அம்மா, விதியை விதியாகவே எடுத்துக்கொள்கிறவர், அப்படியே சரிந்தார். தூக்கிவிடக்கூடாது என்பதால் சுற்றி நின்று பார்த்தோம். பதிவேட்டில் 'ஆழ்ந்த தளர்வு நிலை எய்தினார்' என்று எழுதப்பட்டது. அவருக்குத் தானாகத்தான் நினைவு திரும்பியது.

நான் கையேட்டில் சிவப்பு மையால் கமாவைக் குறித்து எடுத்துக்கொண்டு பொது மேலாளரிடம் போனேன்.

"இது என்ன?"

"கமா சார். இங்க இது இல்லைன்னா மூச்சையே நிறுத்தச் சொன்ன மாதிரி ஆயிடுது."

"கமா, உங்களுக்கு நம்ம வாரியத்தோட அடிப்படைக் கொள்கை தெரியுமில்ல?"

தெரியும். வாசலில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்: *அச்சானது அச்சானதுதான்.* எங்களிடமிருந்து ஒரு படிவம் வெளியே போய்விட்டால் அதில் தந்தை பெயர் என்ற இடத்தில் தந்தி பெயர் என்று இருந்தாலும் ஊர் முழுக்கத் தந்தி பெயரைத் தேடி எழுத வேண்டியதுதான்.

"இன்னைக்கு நீங்க ஒரு கமா போடுவீங்க. முந்நூறு பேரும் மூச்சு விட ஆரம்பிப்பாங்க. நாளைக்கு வாயைத் திறப்பாங்க. இது எங்க போய் முடியும்?" என்றார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. 'யோகாசன நேரத்தில் சிலர் அனுமதியின்றி மூச்சு விடுவது தெரியவருகிறது.'

விரிப்புகள் வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக அச்சில் கெட்டுப்போன தாள்களைத் தரையில் பரப்பி மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். மை காயாத தாள்கள். அன்று மாலை நெரிசலான பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. வழியில் காய்கறி வாங்கினேன், மருந்துக்கடைக்குப் போனேன். இரவு சட்டையைக் கழற்றித் துணிக்கூடையில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன், முதுகு முழுக்கப் படிவம் 14 தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில் பதிந்திருந்தது. பெயர். வயது. துணைவர் உண்டா, இல்லையா. உரிய இடத்தில் குறியிடவும்.

வீட்டில் ஒரு ஆள் இருந்திருந்தால், கதவைத் திறந்ததுமே "என்னங்க இது முதுகுல" என்று கேட்டிருக்கும். அன்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மற்றதெல்லாம் போய்விட்டது, 'துணைவர்' மட்டும் லேசாக நின்றுவிட்டது.

இந்த நேரத்தில்தான் அளவை ஊழியர் வந்தார்.

முன்னேற்றத்தைப் பதிய ஒரு ஆள் வேண்டுமே. வாரியம் விளம்பரம் செய்தது. பதவியின் பெயர் அளவை ஊழியர், தற்காலிகம், சொந்தமாக டேப் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை. டேப் வைத்திருந்தவர் ஒரு தையல்காரர். அறுபதைத் தாண்டியவர். கண் ஊசித் துவாரத்தோடு ஒத்துழைக்க மறுத்ததால் கடையை மூடிவிட்டு, வேலை தேடிக்கொண்டிருந்தவர். முதுகில் கை வைக்க அந்தக் கட்டிடத்திலேயே அனுமதி பெற்ற ஒரே மனிதர் அவர்தான்.

முதல் வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. எல்லைக்கோட்டில் டேப்பின் நுனியை வைத்து, மறுமுனையைப் பின்மண்டைவரை கொண்டுபோக வேண்டும் என்பது விதி. அவர் என் சட்டையைக் கையால் ஒருமுறை நீவி, தோள்பட்டைகளுக்கு நடுவில் தேடி, சற்றே இடப்பக்கம், டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

நாற்பது வருஷம் துணியை அழுத்திய கட்டைவிரல். நேராக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

"இருபத்தொன்பது" என்றார். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "வலிக்குதா சார்?"

"இல்லைண்ணே."

"பின்ன ஏன் கண்ணு கலங்குது?"

"காகிதத் தூசி."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "சரியாத் தெரியலை, இன்னொரு தரம் பாத்துக்கறேன்" என்று மறுபடியும் அழுத்தினார். இருபத்தொன்பதுதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நாலு வருஷத்தில் என்னிடம் வலிக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் அவர். அன்றிரவு அடிக்கோலைத் தொடாமல் தூங்கினேன்.

அதிலிருந்து என் வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் கிழமையாக இருந்தது. மற்ற நாள்களில் ஸ்டோர்காரர் வாசித்தபடி மூச்சை நிறுத்தினேன், திருட்டுத்தனமாக விட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு நிமிஷம் அந்தக் கட்டைவிரல். நடுவில் இரண்டு வார்த்தை. "மழை வரும்போல இருக்கே சார்." "சாப்டீங்களா சார்?" அவர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதை மூன்றாவது வெள்ளிக்கிழமையும், தனியாகச் சமைத்துக்கொள்கிறார் என்பதை நாலாவது வெள்ளிக்கிழமையும் தெரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். எனக்குக் குணமாகத் தொடங்கிவிட்டது.

ஐந்தாவது வாரம் அவர் டேப்பைப் பார்த்துவிட்டு மெதுவாக, "இருபத்தாறரை சார். இன்னும் அரை குறைஞ்சா உங்களுக்குச் சான்றிதழ், பலகை எல்லாம் கிடைச்சிடும். அப்புறம் வரிசையில நிக்க வேண்டாம்" என்றார்.

பலகை. அதற்காகத்தானே விண்ணப்பம் போட்டேன். என் மேசையில் அது சாய்ந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதன்முன் நேராக உட்கார்ந்திருக்கும் என்னையும் நினைத்துப் பார்த்தேன். யாரும் தொடத் தேவையில்லாத ஒரு முதுகு.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டேன். அவர் அளந்தார். டேப் என்ன காட்டியது என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை பேர் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பதைப் பார்த்தவர்.

"முப்பது" என்று எழுதிக்கொண்டார். "நல்லாக் கவிழ்ந்திருக்கீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

காலாண்டு விழாவில் தலைவர் என்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். "முந்நூறு பேர்ல நூத்தித் தொண்ணூறு பேர் நிமிர்ந்துட்டாங்க. நிமிர்ந்தவங்க எல்லாரும் தயவுசெய்து யோகாசன நேரத்துல மட்டும் நிமிர்ந்தா போதும், என் அறைக்குள்ள வரும்போது வேண்டாம். ஆனா கமான்னு ஒருத்தர். வாரியம் இவ்வளவு செஞ்சும் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கார். இது முதுகு இல்லை, எதிர்ப்பு!" என்றார். பிறகு தன் உரையைத் தானே மெச்சி, வலக்கையைப் பின்னால் வளைத்துத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். அவர் கை எட்டியது. அதற்குத்தான் அத்தனை வருஷப் பயிற்சி.

மறுவாரம் ஒரு புதிய சுற்றறிக்கையின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. கையேட்டுச் சிக்கலுக்குப் பிறகு, கமாவிடம் காட்டாமல் எதையும் அச்சேற்றக்கூடாது என்று பொது மேலாளரே உத்தரவு போட்டிருந்தார். அச்சான பின் திருத்தக்கூடாது என்றால் அச்சாகும் முன்பே திருத்திக்கொள்ள வேண்டியதுதானே.

ஆயிரம் பிரதிகள். இயந்திரம் பதினொரு மணிக்கு. தலைப்பு: சுய அளவீடு.

பராமரிப்பு சுயமாக இருக்கும்போது அளவு மட்டும் பிறரால் எடுக்கப்படுவது கொள்கைக்கு முரண் என்று தணிக்கையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனவே ஒவ்வொருவரும் ஒரு கைக்கண்ணாடியும் டேப்பும் கொண்டு தம் முதுகைத் தாமே அளந்துகொள்ள வேண்டும். தற்காலிகப் பணியிடம் ஒன்று தேவையற்றதாகிறது. கடைசி வரிதான் ஆணை:

*இனி வாரந்தோறும் அளவை, ஊழியர் தாமே எடுக்க வேண்டும். பிறர் எடுத்தால் செல்லாது.*

பிழையே இல்லை. ஒற்றுகள் சரி, கமா சரி, முற்றுப்புள்ளி சரி. யார் கோத்தார்களோ, முதல்முறையாகப் பார்த்துக் கோத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகில் அந்த இடம் விண்ணென்று தெறித்தது. தனியாகச் சமைத்துக்கொள்ளும் ஒரு மனிதர் வெள்ளிக்கிழமை வந்து, வாசலில் இதைப் படித்துவிட்டு, டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார். நான் கைக்கண்ணாடியோடு குளியலறையில் நிற்பேன்.

இருபத்தாறு வருஷத்தில் கணக்கில்லாமல் கமா போட்டிருக்கிறேன். சரியாக இருந்த ஒன்றை எடுத்ததில்லை. அது எங்கள் தொழிலில் பெரிய பாவம். கமாவின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டு, கீழே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

பதினொன்றரைக்கு ஆயிரம் பிரதிகளும் அச்சாகிவிட்டன. வியாழக்கிழமை எல்லாப் பிரிவிலும் ஒட்டினார்கள்:

*இனி வாரந்தோறும் அளவை ஊழியர் தாமே எடுக்க வேண்டும். பிறர் எடுத்தால் செல்லாது.*

பொது மேலாளர் அறையில் பெருங்கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள்.

"கமா, இது என்ன அர்த்தம்?"

"போட்டிருக்கிறபடிதான் சார். அளவை ஊழியர் தாமே எடுக்கணும். வேற யாரும் எடுத்தா செல்லாது."

"நாங்க அவரை வேலையை விட்டே எடுக்கத்தானே இதைப் போட்டோம்?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் எழுத்தைத்தான் பாப்பேன்."

துணை மேலாளர் சுற்றறிக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கமா போட்டால் சரியாகிவிடும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். பொது மேலாளர் வாசல் பக்கம் கையைக் காட்டினார், கல்வெட்டு இருந்த திசையில். துணை மேலாளர் வாயை மூடிக்கொண்டார். தாமே எடுக்க வேண்டும் என்றால் ஆள் இருந்தாக வேண்டும். ஆண்டு முழுக்க வாரந்தோறும் என்றால் தற்காலிகமாக இருக்க முடியாது. மாலைக்குள் அளவை ஊழியர் பணியிடத்தை நிரந்தரமாக்கிக் கோப்பு நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கிடங்கில் நாங்கள் இருவர்தான்.

அவர் என் சட்டையை நீவினார். சுற்றறிக்கை அவருக்குப் பின்னால் தூணில் ஒட்டியிருந்தது.

"சார், நான் அதிகம் படிக்காதவன். ஆனா தையல் விட்டுப்போன இடம் எனக்குக் கண்ணுல படும்" என்றார். "அந்தக் கடைசி வரியில ஒரு கமா விட்டுப்போன மாதிரி இல்ல?"

என்னையறியாமல் மூச்சை நிறுத்திக்கொண்டேன். சுற்றும்முற்றும் பார்த்தேன்.

"யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்கண்ணே."

கட்டைவிரல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"நான் விடலை சார்" என்றார். "நீங்க விடுங்க."